கைக்கோபம்

"கோபம் வந்தா உன் கை என்ன பண்ணும்?"

அக்கா என்னிடம் அப்படிக் கேட்டபோது நாங்கள் இருவரும் ஆஸ்பத்திரிப் படுக்கைவிரிப்பு ஒன்றை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தோம். யாராவது நேருக்கு நேர் கேள்வி கேட்டால் எனக்கு வார்த்தை வராது. பள்ளிக்கூடம் நின்றுபோனதற்கு அதுவும் ஒரு காரணம். பதில் சொல்லாமல் விரிப்பை உதறினேன். கொஞ்சம் பலமாக உதறிவிட்டேன் போலிருக்கிறது. அவள் கையிலிருந்த முனை நழுவி ஈரத் தரையில் விழுந்தது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. வாயைவிடக் கை முந்திக்கொண்டது பார் என்று சிரித்தாள்.

அவள் எனக்குச் சொந்த அக்கா இல்லை. நான் வேலை பார்த்த சலவைக்கடையின் சொந்தக்காரிக்கு மகள். கடைக்காரியை நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். மகனை அண்ணன், மருமகளை அண்ணி. கீழே கடை, மேலே வீடு. பின்கட்டில் கொதிகலனும் இரண்டு பெரிய சலவை இயந்திரங்களும் இருந்தன. முன்பக்கம் தேய்ப்பு மேசைகளும் என்னுடைய மடிப்பு மேசையும். வெயில் காலத்தில் கதவைத் திறந்து வைத்தாலும் உள்ளே மூச்சு விட முடியாது. மழைக்காலத்தில் வேறு தொல்லை. துணி காயாது, காய்ந்தாலும் ஈரவாடை போகாது, விடுதிக்காரர்கள் விரிப்பைத் தூக்கி மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். பெரியம்மா அதை வாங்கி மறுபடி தண்ணீரில் போடுவாள்.

அக்கா பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்ட பழைய நாவல்களில் வரும் பெண்களின் கோபம் என்பது அவள் தலைப்பு. அந்தப் பெண்கள் வாயைத் திறந்து திட்டுவதில்லையாம். திட்டினால் வீட்டை விட்டுத் துரத்திவிடுவார்கள், இல்லையென்றால் பைத்தியம் என்று சொல்லிவிடுவார்கள். அதனால் கோபம் கை வழியாக வெளியே வரும். ஒரு பாதிரியாரின் மனைவி சுவர்க்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும்போது சுருள் அறுந்துபோகிற அளவுக்கு முறுக்குவாள். ஒரு வேலைக்காரி, விருந்துக்கு வருகிறவர்களின் கையுறைகளில் இடது கையை மட்டும் எடுத்து ஒளித்துவைப்பாள். ஒரு பண்ணைக்காரனின் மனைவி, கணவன் வாசலில் கால் வைக்கிற நேரம் பார்த்து ரொட்டியைக் கருகவிடுவாள். நாவல் எழுதியவர்கள் இதையெல்லாம் ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விடுகிறார்கள், நான் அந்த ஒற்றை வரிகளைத்தான் பொறுக்குகிறேன் என்பாள். ஆங்கிலத்தில் அதற்கு என்ன பெயர் வைத்திருந்தாளோ, எங்களிடம் பேசும்போது கைக்கோபம் என்பாள்.

அண்ணிக்கு அந்தப் பேச்சு பிடிக்கும். குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, அந்தக் கையுறைக்காரி அப்புறம் என்ன ஆனாள் என்று கேட்பாள். வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்று அக்கா சொன்னதும், "இடது கையோட நிறுத்திட்டாளே, ரெண்டையும் எடுத்திருக்கணும்" என்பாள். பெரியம்மா மட்டும் கேட்காதவள் மாதிரி தேய்த்துக்கொண்டிருப்பாள்.

அக்காவின் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியவரை வீட்டில் எல்லோரும் சார் என்பார்கள். அண்ணி மட்டும், அக்கா இல்லாதபோது, கஞ்சிச்சட்டை என்பாள். அவர் சட்டைகள் எல்லாம் எங்கள் கடைக்குத்தான் வரும். நாங்கள் யாரும் கேட்டு வாங்கியதில்லை. அக்கா சேர்ந்த புதிதில், உங்கள் வீட்டில் சலவைக்கடை வைத்திருக்கிறார்களாமே என்று சார் விசாரித்திருக்கிறார். அடுத்த முறை அவள் புத்தகப்பையோடு அவருடைய துணிமூட்டையும் வந்தது. அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. முதலில் சட்டைகள், பிறகு அவர் மனைவியின் சேலைகள், பிறகு திரைச்சீலைகள், மாப்பிள்ளை வந்தால் மாப்பிள்ளையின் கால்சட்டைகள். பெரியம்மா அவற்றை வேறு யாரிடமும் கொடுக்க மாட்டாள். காலரை இரண்டு முறை தேய்ப்பாள். அக்கா அவற்றைக் கொக்கியில் மாட்டி, தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவாள். மற்ற மாணவர்கள் அவரவரால் முடிந்ததைச் செய்தார்களாம். ஒருவர் சாரின் காரைக் கழுவினார். ஒருத்தி அவர் பேரப்பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். யாரும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. பேச என்ன இருக்கிறது, எல்லோரும் செய்வதுதானே.

அந்த வருஷ முடிவோடு அக்காவின் பதிவுக்காலம் முடிகிறது. அதற்குள் சார் கையெழுத்துப் போட்டு ஆய்வேட்டைத் தேர்வுக்கு உள்ளே அனுப்ப வேண்டும். இல்லையென்றால் இத்தனை வருஷம் படித்தது ஒன்றுமில்லாமல் போகும். அவள் எழுதி முடித்துவிட்டாள். சாரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். மழை பிடித்துக்கொண்ட ஒருநாள் தொப்பலாக நனைந்து வந்தவள், தலையைக்கூடத் துவட்டாமல் என் மேசைமேல் பையை வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

சார் தலைப்பை மாற்றச் சொல்லிவிட்டார். கோபம் வேண்டாம், பொறுமை என்று வைத்துக்கொள்ளச் சொன்னாராம். வெளியிலிருந்து வரும் தேர்வாளர்கள் வயதானவர்கள், கோபம் என்று பார்த்தாலே முகம் சுளிப்பார்கள். அதுவுமில்லாமல் அவள் காட்டியிருக்கிற உதாரணங்களில் உண்மையில் இருப்பது பொறுமைதானாம், அவளுக்கு அது தெரியவில்லையாம். உதாரணங்கள் எல்லாம் அப்படியே இருக்கட்டும், விளக்கத்தை மட்டும் திருப்பிவிடு என்றாராம்.

"கடிகாரச் சுருளை அறுத்தவளுக்கு எங்கேயிருந்து பொறுமை வரும் அண்ணி?" என்று அக்கா கேட்டாள்.

சாரிடம் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் எல்லோருமே பொறுமையைப் பற்றித்தான் எழுதியிருந்தார்கள். ஒருவர் ஆங்கில நாவலில் பொறுமை. இன்னொருவர் அமெரிக்க நாவலில் பொறுமை. கார் கழுவுகிறவர் இப்போது எழுதுவது சகிப்புத்தன்மை. சாரே அந்தக் காலத்தில் பொறுமையைப் பற்றி எழுதித்தான் பட்டம் வாங்கினாராம்.

"அவரு கடையில ஒரே சரக்குதான் போல" என்றாள் அண்ணி.

அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவுக்கு ஒரு கல்லூரியில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பட்டம் வந்தால் வேலை. அதை அவன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். அன்று சாப்பிடும்போது அவன் ஆரம்பித்தான். ஒரே ஒரு வார்த்தை. அதை மாத்துறதுல உனக்கு என்ன குறைஞ்சு போகுது என்று கேட்டான்.

"கடை போர்டுல சலவைன்னு இருக்கிறதை அழிச்சிட்டு அழுக்குன்னு எழுதட்டுமா? அதுவும் ஒரே வார்த்தைதான்" என்றாள் அக்கா.

அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். நான் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு பின்னால் போய்விட்டேன். அங்கேயிருந்தும் கேட்டது. அவன் பெரியம்மாவிடம் கத்திக்கொண்டிருந்தான், செல்லம் கொடுத்துக் கெடுத்தது நீதான் என்று. பெரியம்மா கடைசியில் ஒன்றுதான் சொன்னாள். சாரை வீட்டுக்கு ஒருநாள் சாப்பிடக் கூப்பிடலாம். வந்து நம் வீட்டைப் பார்த்தால், நாம் எப்படிப்பட்டவர்கள் என்று தெரிந்தால், மனசு இளகும். அக்கா வேண்டாம் என்றாள். வற்புறுத்தவில்லை. அவளுக்கும் கொஞ்சம் நம்பிக்கை இருந்திருக்க வேண்டும்.

சார் வந்த அன்று கடையை மதியத்தோடு மூடினோம். மாடியில் மேசைக்கு விடுதி விரிப்புகளில் நல்லதாக ஒன்றைப் பெரியம்மாவே தேய்த்துப் போட்டாள். கோழி, மீன், சோறு, பால் இனிப்பு. கொதிகலன் நின்ற பிறகும் சூடு அடங்காமல் தரை வழியாக மேலே வந்துகொண்டிருந்தது. சார் எங்கள் கடையில் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வந்தார். நல்ல மனிதர் போலவே பேசினார். குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டார். அண்ணனிடம் தொழில் எப்படிப் போகிறது என்று விசாரித்தார். மீனை இரண்டு முறை கேட்டு வாங்கிக்கொண்டார்.

அக்கா நேரம் பார்த்து மெதுவாகத் தலைப்பைப் பற்றிப் பேச்சை எடுத்தாள். இன்னும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும், கடிகார அத்தியாயத்தையாவது, என்று கேட்டுக்கொண்டாள். சார், சோறு பரிமாறிக்கொண்டிருந்த பெரியம்மா பக்கம் திரும்பினார்.

"நீங்களே சொல்லுங்கம்மா. உங்க பொண்ணு பொம்பளைங்களோட கோபத்தைப் பத்தி எழுதுது. இத்தனை வருஷமா இந்தச் சூட்டுல நின்னு வேலை பாத்திருக்கீங்க. உங்களுக்குக் கோபம் வந்திருக்கா?"

பெரியம்மாவுக்கு அந்தக் கேள்வி எங்கேயிருந்து வருகிறது என்று தெரியவில்லை. வீட்டைப் பற்றி நல்லது கெட்டது விசாரிக்கிறார் என்று நினைத்துவிட்டாள். கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள்.

"கோபமா, எனக்கா? இல்லைங்க சார். இந்த வீட்டுல யாருக்கும் கோபமே வராதுங்க. எல்லாம் அனுசரிச்சுப் போறதுதான்."

"கேட்டியாம்மா?" என்றார் சார் அக்காவிடம். "நீ முந்நூறு பக்கம் எழுதி அலையுறே. உங்க அம்மா ஒரு வரியில முடிச்சிட்டாங்க. முன்னுரையில இதை அப்படியே போடு. என் தாயின் பொறுமைக்குன்னு சமர்ப்பணமும் போட்டுடு. தேர்வாளர் கண் கலங்கிடுவார்."

அண்ணன் சிரித்தான். பெரியம்மாவும் சிரித்தாள், ஏதோ நல்லது நடந்துவிட்டது என்று. இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். அக்கா தண்ணீர்க் குவளையைப் பிடித்திருந்த கையை நான் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது.

அவள் ஏன் அப்படி ஆனாள் என்பது சாருக்குத் தெரிய வழியில்லை. எனக்குத் தெரியும், அவளே எனக்குச் சொல்லியிருந்தாள். அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அவள் அப்பா உயிரோடு இருந்தார். ஒருநாள் கடைக்கு நண்பர்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். அவர் தேய்ப்பு மேசையைக் காட்டி, என்கிட்டே இருக்கிற மிஷின்லயே நல்ல மிஷின் இதுதான், கரண்டே வேண்டாம் என்றாராம். மேசையில் நின்றது பெரியம்மா. எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் போன பிறகு பெரியம்மா அவருடைய வெள்ளைச் சட்டையை விரித்தாள். அயர்ன்பெட்டியை அதன் முதுகில் வைத்தாள். அப்படியே கையை எடுக்காமல் நின்றாள். புகை வந்தது. மேசைக்கடியில் விளையாடிக்கொண்டிருந்த அக்காவுக்கு இருமல் வந்தது. துணி கருகி உள்விரிப்பு தெரிகிறவரை பெரியம்மா எடுக்கவில்லை. பிறகு அதை ஒழுங்காக மடித்து அலமாரியில் அவர் துணிகளோடு வைத்துவிட்டாள். அவர் அதைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அந்த வேடிக்கையை மறுபடி சொல்லவும் இல்லை. அக்கா எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒரு நாவலில் ரொட்டியைக் கருகவிட்ட பெண்ணைப் படித்தபோது, இது யாரென்று எனக்குத் தெரியுமே என்று நினைத்தாளாம். அங்கேதான் அவள் ஆராய்ச்சி ஆரம்பித்தது.

சார் போன பிறகு பெரியம்மா பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தாள். அக்கா போய் அவள் எதிரில் நின்றாள். அந்தச் சட்டையை மறந்துட்டியா என்று கேட்டாள்.

பெரியம்மா நிமிரவில்லை. எந்தச் சட்டை என்றும் கேட்கவில்லை.

"உனக்காகத்தான் சொன்னேன்."

"எனக்காகப் பொய் சொல்லுன்னு கேட்டேனா? நான் எழுதினது அத்தனையும் உன்கிட்டேயிருந்து வந்ததும்மா. நீயே அதெல்லாம் இல்லைன்னுட்டே. அதுவும் அந்த ஆள் முன்னாடி."

"வீட்டுக்கு வந்தவர் கேட்டா வேற என்ன சொல்றது? ஆமாம் சார், எனக்குக் கோபம் வரும், உங்க மேலதான் வரும்னு சொல்லணுமா?"

"சொல்லியிருக்கலாம்."

"சொல்லிட்டு, அவரு கையெழுத்துப் போடலைன்னா யாரு போடுவா, நானா?"

அக்கா கீழே இறங்கிப் போய்விட்டாள். பெரியம்மா கழுவிய பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவினாள். நான் துடைக்க நின்றிருந்தேன். என்னிடம் ஒரு பாத்திரமும் வந்து சேரவில்லை.

அதற்குப் பிறகு தாயும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. மழை விடவே இல்லை. கடை முழுக்கக் கயிறு கட்டி விரிப்புகளைத் தொங்கவிட்டிருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டுமென்றால் துணியை விலக்கித்தான் பார்க்க வேண்டும். பேசாமல் இருக்கிறவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. அக்கா காலையில் நேரத்தோடு பல்கலைக்கழகத்துக்குப் போவாள், இருட்டும்போது வருவாள். என்னோடு விரிப்பு மடிக்க வருவதில்லை. கையுறைக்காரியைப் பற்றி அண்ணி ஒருமுறை பேச்சுக் கொடுத்தாள். அதெல்லாம் கதை அண்ணி என்று சொல்லிவிட்டு அக்கா மேலே போய்விட்டாள்.

பெரியம்மாவிடமும் ஒரு மாறுதல் வந்தது. சாரின் துணிமூட்டை வந்தபோது அவள் அதைத் தொடவில்லை. காலால் என் மேசைப் பக்கம் தள்ளினாள். நான் சட்டையைத் தேய்க்கும்போது தூர நின்று பார்ப்பாள். காலரை எத்தனை முறை தேய்க்க வேண்டும் என்று கேட்டேன். ஒருமுறை போதும் என்றாள். அவள் தனக்குள் பேசிக்கொள்வதும் அப்போதுதான் ஆரம்பித்தது. உதடு அசையும், சத்தம் வராது. கிட்டே போனால் நிறுத்திவிடுவாள். ஒருநாள் அண்ணியிடம், அந்த மனுஷன் கேட்டப்ப எனக்கு விளங்கலை, விளங்கியிருந்தா வேற மாதிரி சொல்லியிருப்பேன் என்றாள். என்ன சொல்லியிருப்பீங்க அத்தை என்று அண்ணி கேட்டதற்கு, கொதிகலனைப் பார்க்கப் போவது போல எழுந்து போய்விட்டாள்.

சார் மறுபடி வந்தது ஒரு கறுப்புக் கோட்டுக்காக. அன்று சாயங்காலம் அவருக்கு ஏதோ விழாவாம், மேடையில் உட்கார வேண்டுமாம். அக்கா எடுத்து வருவதற்குள் நேரமாகிவிடும் என்று அவரே காரில் வந்துவிட்டார். கோட்டு தயாராகவில்லை. மழையில் காயவில்லை. இதோ ஆயிடும் சார் என்று அண்ணன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான், தேநீர் வாங்கிவரச் சொல்லி அண்ணியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். கோட்டைப் பெரியம்மாவே எடுத்து மேசையில் விரித்தாள். கோட்டை எடுத்துப் போக வீட்டிலேயே காத்திருந்த அக்கா, சத்தம் கேட்டு மேலேயிருந்து இறங்கி வந்து, சாரைப் பார்த்ததும் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள்.

பெரியம்மா ஈரத்துணியைக் கோட்டின்மேல் போட்டு ஒருமுறை தேய்த்தாள். ஆவி எழுந்தது. பெட்டியைத் தாங்கியில் வைத்தாள்.

"சார், அன்னைக்குச் சாப்பிடும்போது ஒண்ணு கேட்டீங்க. நான் பொய் சொல்லிட்டேன்."

சார் என்னவென்று புரியாமல் சிரித்தபடி பார்த்தார்.

"எனக்குக் கோபம் வரும். எங்க வீட்டுக்காரர் மேல வந்திருக்கு. நாலு பேர் முன்னாடி என்னை மிஷின்னு சொன்னாரு. அவரு சட்டையைக் கருக்கினேன். கை தவறி இல்லை, வேணும்னே கருக்கினேன்."

"அம்மா, பேசாம இரு" என்றான் அண்ணன்.

"இருந்தது போதும்டா. சார், உங்க சட்டையைத் தேய்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வந்துச்சு. எம்பொண்ணு அதைத் தோள்ல போட்டுக்கிட்டு பஸ்ஸுக்கு நிக்கும்போது இன்னும் வந்துச்சு. அவ படிக்கப் போறாளா, உங்க துணி சுமக்கப் போறாளான்னு. அப்பவும் சிரிச்சுக்கிட்டுத்தான் கேட்டேன், சாருக்குக் கஞ்சி போதுமாம்மான்னு. அன்னைக்கு என் வீட்டுல உக்காந்து என் கையால சாப்பிட்டுக்கிட்டு, என் வாயாலேயே என் பொண்ணுக்கு எதிரா சாட்சி வாங்கினீங்க பாருங்க. அதுக்கு வந்த கோபம் இன்னும் அடங்கலை. நான் சிரிச்சேன், சோறு வச்சேன். அதனால இல்லைன்னு ஆயிடுமா? அவ எழுதினதுதான் நிஜம். அதை அப்படியே விட்டுடுங்க. எங்க வந்து சொல்லணும்னாலும் வந்து சொல்றேன்."

இத்தனை வருஷத்தில் பெரியம்மா ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பின்கட்டில் இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணன் முகம் செத்துப்போயிருந்தது. நான் துணிகளுக்குப் பின்னால் நின்றபடி, கையிலிருந்த தலையணை உறையை முறுக்கிக்கொண்டே இருந்தேன். சார் கோபப்படுவார், எழுந்து போவார் என்று நினைத்தேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"இதை எதுக்கும்மா இப்போ மனசுல போட்டுக் குழப்பிக்கிறீங்க?" என்றார் கனிவாக. "உங்க பொண்ணு போன வாரமே எல்லாத்தையும் மாத்திக் குடுத்திடுச்சே. நான் கையெழுத்தும் போட்டாச்சு. உள்ளேயும் அனுப்பியாச்சு. வீட்டுல சொல்லலையா? ரொம்ப நல்லா வந்திருக்கு. அந்தக் கடிகார அத்தியாயம் பிரமாதம். சுருள் அறுந்துபோனாலும் வாரா வாரம் சாவி குடுக்கிற அந்தம்மாவோட பொறுமை இருக்கே. சமர்ப்பணம்கூட நான் சொன்ன மாதிரியே போட்டிருக்கு, உங்க பேருக்கு."

எல்லோரும் படியைப் பார்த்தோம். அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வருஷம் முடியுதும்மா" என்றாள். "எல்லாரும் அதைத்தானே சொன்னீங்க. நீயும்தான் சொன்னே."

பெரியம்மா அவளையே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்றும் நினைத்தேன். அண்ணன், அப்பாடா, இப்பவாவது புத்தி வந்துதே என்று சாரைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். அண்ணி தேநீர்க் கோப்பையோடு வாசலிலேயே நின்றாள், யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல். சார் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கோட்டு எவ்வளவு நேரத்தில் ஆகும் என்று பொதுவாகக் கேட்டார்.

பெரியம்மா அயர்ன்பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். இடுப்பில் கட்டியிருந்த மேல்துணியை அவிழ்த்துப் பாதி தேய்த்த கோட்டின்மேல் வைத்தாள். தொங்கிக்கொண்டிருந்த விரிப்புகளை விலக்கிக்கொண்டு, அண்ணியைத் தாண்டி, குடைகூட எடுக்காமல், மழையில் இறங்கிப் போனாள்.